வீட்டுக்கு நான்கு கேமரா: மனைப்படம் முதல் ராத்திரிச் சோதனை வரை

கண்காணிப்புக் கேமரா வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தாளில் வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்துகொள்ளுங்கள். கேட், போர்டிகோ, வாசல் கதவு, பக்கச் சந்து, கொல்லைக் கதவு, மாடிப்படி, வண்டி நிற்கும் இடம், எல்லாம் வரட்டும். இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்டது அரை கிரவுண்டு மனை. 30க்கு 40 அடி, கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், தனி வீடு, நான்கு கேமரா. உங்கள் வீடு இதைவிடப் பெரிதாக இருந்தால் எண்ணிக்கைதான் கூடும், வேலை இதே வேலைதான்.

படத்தில் ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இங்கே ஒருவர் வந்தால் எனக்கு என்ன தெரிய வேண்டும்? ஆள் வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதுமா, வந்தவர் யார் என்று முகம் தெரிய வேண்டுமா? இரண்டுக்கும் ஒரே கேமரா சரிப்படாது. திருட்டு நடந்த பிறகு பதிவைப் போட்டுப் பார்ப்பவர்கள் அடிக்கடி காண்பது ஒரு உச்சந்தலையையும் முதுகையும்தான். கேமரா ஓடியிருக்கும், பதிவும் இருக்கும், முகம் இருக்காது. தப்பு கேமராவில் இல்லை, எந்த லென்ஸை எந்த உயரத்தில் வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

லென்ஸ், தூரம், உயரம்

கேமரா அட்டைப்பெட்டியில் 2.8 மிமீ, 4 மிமீ, 6 மிமீ என்று போட்டிருக்கும். எண் சிறியதென்றால் பார்வை அகலம், எண் கூடக்கூடப் பார்வை குறுகி, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். கடையில் கேட்காவிட்டால் பெரும்பாலும் நான்கும் 2.8 மிமீ ஆகவே வந்துசேரும். திரையில் தெரு முழுக்கத் தெரிவதால் வாங்குபவருக்கும் சந்தோஷம்தான். சங்கடம் பிறகு வரும்.

முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் விழ வேண்டும் என்பது இந்தத் துறையில் வழங்கும் அளவு. ஏற்கெனவே பழகிய முகமென்றால் 125 போதும். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். அதை 250 ஆல் வகுத்தால் சுமார் 10 மீட்டர். அதாவது ஆள் நிற்கும் தூரத்தில் காட்சியின் மொத்த அகலம் 10 மீட்டருக்குள் இருந்தால்தான் முகம் கிடைக்கும். 2.8 மிமீ லென்ஸின் கோணம் ஏறத்தாழ 100 பாகை, ஆகவே அதில் முகம் கிடைக்கும் எல்லை 14 அடி. 4 மிமீ லென்ஸில் 20 அடி. 6 மிமீ லென்ஸில் 36 அடி. இது பகல் வெளிச்சத்துக்கான கணக்கு. ராத்திரியில் இதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது பத்திரம்.

நம் மனையில் போர்டிகோ சுவரிலிருந்து கேட் 12 முதல் 15 அடி இருக்கும். அங்கே 4 மிமீ. வாசல் கதவுக்கு முன்னால் நிற்பவருக்கு 2.8 மிமீ. நீளமாகக் குறுகி ஓடும் பக்கச் சந்துக்கு 6 மிமீ. இந்தச் சந்துக் கேமராவைப் பக்கவாட்டில் 90 பாகை திருப்பி மாட்டி, அமைப்பில் படத்தையும் திருப்பிவிட்டால் காட்சி நெட்டையாக வரும். இல்லாவிட்டால் திரையின் இரண்டு பக்கமும் சுவர்தான் தெரியும். கொல்லைக் கதவும் மாடிப்படியும் ஒரே மூலையில் இருந்தால் ஒரு 2.8 மிமீ போதும்.

உயரம் 8 முதல் 9 அடி. கைக்கு எட்டக்கூடாது என்று முதல் மாடிச் சுவரில் 18 அடியில் மாட்டுகிறார்கள். ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும் முகத்தை 14 அடி தள்ளி 9 அடியிலிருந்து பார்த்தால் கேமரா 14 பாகைதான் கீழே சாய்ந்திருக்கும், முகம் நேராகக் கிடைக்கும். அதே தூரத்தை 18 அடியிலிருந்து பார்த்தால் சாய்வு 40 பாகையைத் தாண்டும். அப்புறம் உச்சந்தலைதான். கைக்கு எட்டி உடைத்துவிடுவார்களே என்று பயமிருந்தால், அந்தக் கேமராவை எதிர்ச் சுவரில் உள்ள இன்னொன்று பார்க்கும்படி வையுங்கள். உடைக்க வருபவரின் முகமும் சேர்ந்து பதிவாகும்.

சூரியனையும் பாருங்கள். கிழக்கு பார்த்த வாசல் என்றால் கேமரா காலையில் வெயிலை நேராகச் சந்திக்கும். வீட்டுக்குள்ளிருந்து கதவு வழியாக வெளியே பார்க்கும் கேமராவுக்கும் இதே கதி, வருபவர் வெறும் கருநிழலாகத் தெரிவார். அந்த இடத்துக்கு மட்டுமாவது 120 டெசிபல் டபிள்யூடிஆர் (கூசும் வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் வசதி) உள்ள கேமரா வாங்குங்கள். 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று போட்டிருப்பது மென்பொருள் பூச்சு, அதனால் பெரிய பயன் இல்லை.

அனலாகா, ஐபியா, வைஃபையா

சுவருக்குள் கேபிள் டிவி ஒயர் போன்ற பழைய கோஆக்ஸ் கேபிள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அனலாக் எச்டி கேமராவும் அதன் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டியும் போதும், சுவரைக் கொத்த வேண்டாம். புதிதாக இழுப்பதென்றால் படத்தை நெட்வொர்க் வழியே அனுப்பும் ஐபி கேமரா, அதைப் பதியும் என்விஆர் பெட்டி, அதே கேபிளில் மின்சாரமும் தரும் பிஓஇ முறை. ஒரே கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் போகும், 100 மீட்டர் வரை தாங்கும், கேமரா அருகே பிளக் பாயிண்ட் வேண்டாம்.

அனலாக்கில் நம் ஊரில் அதிகம் வரும் புகாரைத் தெரிந்துகொண்டால் பிஓஇ ஏன் நிம்மதி என்று புரியும். பகலெல்லாம் படம் தெளிவு. இருட்டியதும் ஒரு கேமரா மட்டும் கருப்பாகும், சில விநாடியில் திரும்ப வரும், மறுபடி போகும். கேமராவை மாற்றினாலும் தீராது. காரணம் 3+1 கேபிளில் (ஒரு கோஆக்ஸும் மூன்று கம்பிகளும் சேர்ந்தது) மின்சாரம் போகும் மெல்லிய கம்பி. 0.2 சதுர மிமீ செம்புக் கம்பி 30 மீட்டர் போனால், போகவர 60 மீட்டருக்குச் சுமார் 5 ஓம் தடை. இருட்டில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே இரண்டரை வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் அனுப்பியது 9.5க்கும் கீழே வந்து சேர, கேமரா அணைகிறது. அணைந்ததும் இழுப்பு நிற்கிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி எரிகிறது. பிஓஇ சுமார் 48 வோல்ட்டில் அனுப்புவதால் அதே வாட்டுக்கு ஆம்பியர் கால்பங்குதான். இழப்பு பெயரளவுக்குத்தான்.

வாடகை வீட்டிலும் அடுக்ககத்திலும் இருப்பவர்களுக்கு வைஃபை கேமரா. மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம். இரண்டு விஷயம் மட்டும் கவனம். பெரும்பாலான வைஃபை கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இணையும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் இணைக்கும்போது முரண்டு பிடிக்கும், பெயரைத் தற்காலிகமாகப் பிரித்துவிடுங்கள். கார்டு 'ஹை எண்டியூரன்ஸ்' வகையாக இருக்கட்டும். சாதாரண கார்டு ஓயாத எழுத்தில் தேய்ந்து, ஒருநாள் சத்தமில்லாமல் பதிவை நிறுத்திவிடும். வைஃபைக்கு இவ்வளவு போதும். இனி வருவது பிஓஇ வேலை.

வாங்க வேண்டியவை

- 4 மெகாபிக்சல் பிஓஇ புல்லட் (குழல் வடிவ) கேமரா 4. வெளியே மாட்டுவதால் தூசியும் மழையும் தாங்கும் ஐபி66 அல்லது ஐபி67 தரம். அரைக்கோள வடிவ டோம் கேமராவின் கண்ணாடியில் தூசியும் கைரேகையும் படிந்தால் இரவில் படம் புகைமூட்டமாகும், வெளிப்பக்கத்துக்குப் புல்லட்டே மேல்.
- 4 அல்லது 8 சேனல் என்விஆர். எட்டு எடுத்துவைப்பது நல்லது. ஆறு மாதத்தில் ஐந்தாவது கேமரா ஆசை வரும்.
- பிஓஇ உள்ளேயே இருக்கும் என்விஆர், இல்லையென்றால் தனி பிஓஇ ஸ்விட்ச். கேமரா ஒன்றுக்கு 7 வாட் என்று கணக்கிட்டு, ஸ்விட்ச்சின் மொத்த வாட் அதைவிடத் தாராளமாக இருக்கிறதா பாருங்கள்.
- கண்காணிப்புக்கென்றே செய்த ஹார்ட் டிஸ்க், 2 டெராபைட். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை.
- வெளிப்புறத் தரக் கேட்6, முழுச் செம்பு, 90 மீட்டர். ஒவ்வொரு இழுப்பிலும் இரண்டு மீட்டர் மிச்சம் விட்டுப் போட்ட கணக்கு.
- கேட்6 கேபிளின் நுனியில் மாட்டும் ஆர்ஜே45 முனை 20. நான்கு இழுப்புக்கு எட்டுதான் வேண்டும், ஆனால் கை பழகும்வரை பாதி வீணாகும்.
- பிவிசி ஜங்ஷன் பாக்ஸ் 4, முக்கால் அங்குல பிவிசி பைப், கிளாம்ப், 6 மிமீ கான்க்ரீட் பிட், கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர்.

ஹார்ட் டிஸ்க் அளவை ஊகிக்க வேண்டாம், கணக்கு எளிது. விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு நாள் முழுக்க எழுதினால் 10.8 ஜிபி. வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறையில் 4 மெகாபிக்சல் கேமராவுக்கு 3 மெகாபிட் வைத்தால் ஒரு நாளைக்கு 32.4 ஜிபி, நான்குக்கும் சேர்த்து 130 ஜிபி. 2 டெராபைட்டில் 15 நாள் நிற்கும். அப்புறம் பழையது அழிந்து புதியது ஏறும். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வருபவர் 4 டெராபைட் வாங்க வேண்டும்.

கேபிளில் ஏமாறாமல் இருக்க ஒரு பிளேடு போதும். கடையில் கேட்6 துண்டு ஒன்றை வாங்கி உள்கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். மடக்கினால் ஒடியும், தடை அதிகம், முனையில் பிடிப்பும் நிற்காது. இதைப் போய் சுவருக்குள் புதைத்தால் பிறகு அழுவதற்குக்கூட இடம் இருக்காது.

கேமரா லேபிளில் ஐஎஸ் 13252 என்ற எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரியும். 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் மத்திய மின்னணுவியல் அமைச்சகம் வகுத்த கூடுதல் பாதுகாப்பு விதிகளுக்கும் சோதிக்கப்பட்டாக வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் கடையிலோ பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தால், மலிவுக்கு இதுவும் ஒரு காரணமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஏணியில் ஏறுமுன் மேசையில்

நான்கு கேமராவையும் என்விஆரையும் ஹாலில் மேசைமேல் பரப்பி, சிறிய கேபிளால் இணைத்து ஓடவிடுங்கள். பெட்டியிலிருந்தே பழுதாக வந்த கேமராவை ஏணி உச்சியில் கண்டுபிடிப்பதைவிட இது சுலபம்.

முதலில் பாஸ்வேர்டு. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் இணையதளங்களின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் முடங்கி, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் கிடைக்காமல் போயின. தாக்கியது 'மிராய்' என்ற நிரல். அது படையாகத் திரட்டியவற்றில் பெரும்பங்கு ஆலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களும் டிவிஆர்களும்தான். பன்னிரண்டு எழுத்தாவது இருக்கட்டும், வண்டி எண்ணும் பிறந்த நாளும் வேண்டாம். ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். மறந்தால் மீட்பதற்கு என்விஆரில் மின்னஞ்சல், கேள்வி எதையாவது அப்போதே பதிந்துவிடுங்கள்.

பிஓஇ உள்ளே இருக்கும் என்விஆர் என்றால் கேமராக்களுக்கு முகவரியை அதுவே கொடுத்துவிடும், செருகினால் படம் வரும். தனி ஸ்விட்ச் வைப்பவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். ஹிக்விஷன் கேமராக்கள் வழக்கமாக 192.168.1.64 என்ற முகவரியோடும், தஹுவா கேமராக்கள் 192.168.1.108 என்ற முகவரியோடும் வருகின்றன. ஒரே வகை நான்கு வாங்கினால் நான்குக்கும் ஒரே முகவரி. ஒன்று தெரிந்தால் மற்றது மறையும். இன்னொரு சிக்கல், ஜியோ ஃபைபர் ரவுட்டரின் முகவரி 192.168.29.1. அந்த வலையிலிருந்து 192.168.1 இல் இருக்கும் கேமரா கண்ணுக்கே படாது, கேமரா பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. உற்பத்தியாளர் தரும் தேடும் மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, கேமராக்களை ஒவ்வொன்றாகச் செருகி, 192.168.29.201, 202 என்று தனித்தனி முகவரி கொடுங்கள். ரவுட்டரிலும் அந்த எண்களை வேறு கருவிக்குக் கொடுக்காதபடி ஒதுக்கிவிடுங்கள். முகவரியையும் 'கேட்', 'சந்து' என்ற பெயரையும் கேமராமேல் சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினால் பிறகு கும்பிட்டுக்கொள்வீர்கள்.

அடுத்து மூன்று அமைப்புகள். நேர மண்டலம் +5:30, நேரத்தை இணையத்திலிருந்து தானே சரிசெய்துகொள்ளும் வசதி இயக்கத்தில். மின் அதிர்வு 50 ஹெர்ட்ஸ், 60 இல் விட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டைபட்டையாக ஓடும். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் இப்போதே.

கேபிள் இழுப்பும் முனை கட்டுதலும்

என்விஆர் டிவிக்குக் கீழே இருக்கக்கூடாது. உள்ளே வந்தவன் முதலில் தூக்குவது அதைத்தான். மாடி அறை லாஃப்ட், பூட்டுள்ள அலமாரி என்று எங்காவது தள்ளிவையுங்கள். காற்று புகும் இடமாகவும் இருக்க வேண்டும், மே மாதத்தில் மூடிய லாஃப்டின் சூடு டிஸ்கைத் தின்னும். கேட் கேமராவில் மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் ஒன்றைப் போட்டுவிடுங்கள். என்விஆர் போனாலும் அந்த ஒரு பதிவாவது மிஞ்சும்.

கேட்6 கேபிளை கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இழுக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், ஒப்புக்கொள்ள வேண்டாம். தனி பைப். வெளியே ஒரு அடிகூடக் கேபிள் வெறுமனே தெரியக்கூடாது, வெயிலுக்கு முன்னால் அணில் கடித்துவிடும். கேமரா அருகே கேபிள் கீழே இறங்கி வளைந்து மேலே ஏறி ஜங்ஷன் பாக்ஸுக்குள் நுழையட்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நேரே மேலிருந்து இறக்கினால் கேபிளே ஓடையாகி நீரைப் பெட்டிக்குள் கொண்டுசேர்க்கும். பைப் வாயில் எம்சீலோ சிலிக்கோனோ பூசுங்கள். எறும்பும் பல்லியும் குடியேற அந்த ஓட்டை போதும்.

முனை கட்டுவதை நிதானமாகச் செய்யுங்கள். மேலுறையை ஒரு அங்குலம் உரித்து, நான்கு முறுக்குகளையும் பிரித்து, கொக்கி கீழேயும் பொன்னிற ஊசிகள் மேலேயும் இருக்கும்படி முனையைப் பிடித்தால் இடமிருந்து வலமாக: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. எட்டையும் நேராக்கி, அரை அங்குலத்தில் ஒரே வெட்டு. உள்ளே தள்ளும்போது எட்டுக் கம்பிகளின் நுனியும் முனையின் முன்சுவரில் முட்டித் தெரிய வேண்டும், மேலுறையும் பிடிப்பானுக்கு அடியில் வரை நுழைந்திருக்க வேண்டும். உறை வெளியே நின்றால் பிடிப்பு வெறும் கம்பிகள் மேல் விழும், ஒரு இழுப்பில் கழன்றுவிடும். இரண்டு பக்கமும் இதே வரிசை. டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு ஒழுங்காக ஓடுகிறதா பாருங்கள்.

கேமரா பெட்டியில் ஒரு சிறு பிளாஸ்டிக் கவசமும் ரப்பர் வளையமும் மரையும் இருக்கும். நீர் புகாமல் இருக்க முனைமேல் மாட்டுவது. அதை முனை கட்டுவதற்கு முன்பே கேபிளில் கோத்துவிட வேண்டும், கட்டிய பிறகு நுழையாது. முடித்துவிட்டு நினைவு வந்தால் மனசில்லாமல் அதைப் பெட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் ஒரு சொட்டு உள்ளே போனால் போதும். முனையில் 48 வோல்ட் ஓடிக்கொண்டிருப்பதால் ஊசிகள் சில வாரத்திலேயே பச்சைப் பாசி பிடித்து அரிக்கும். கார்த்திகையில் 'கேமரா செத்துப்போச்சு' என்று வரும் அழைப்புகளில் இது நிறைய.

இடி மின்னலுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். தென்னை மரத்துக்கோ எதிர் வீட்டுக்கோ அந்தரத்தில் கேபிள் கட்டாதீர்கள், பக்கத்தில் எங்கோ இறங்கிய மின்னல்கூட நீண்ட கம்பியில் ஏறி ஸ்விட்ச், என்விஆர் இரண்டையும் எரிக்கும். இரும்பு கேட் தூணில் நேராகத் திருகாமல் நடுவே பிவிசி பாக்ஸ் வையுங்கள். திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்கலாம், ஆனால் வீட்டில் எர்த் சரியாக இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

கரண்ட் போனால்? நான்கு கேமராவும் என்விஆரும் ரவுட்டரும் சேர்ந்து 50 வாட்டைத் தாண்டாது. இன்வர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள், ஒரு ஃபேன் ஓடும் செலவுதான். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதே லைனில் போட மறக்க வேண்டாம். அவை அணைந்தால் பதிவு நடக்கும், போனுக்கு எதுவும் வராது.

பதிவும் போனும்

என்விஆரில் ஹார்ட் டிஸ்கை ஒருமுறை ஃபார்மேட் செய்த பிறகுதான் பதிவு தொடங்கும். இதைச் செய்யாமல் நேரலைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ஓடுது' என்று நம்பியிருப்பவர்கள் உண்டு.

கேட், வாசல் இரண்டுக்கும் 24 மணி நேரத் தொடர்ப்பதிவு. அசைவு வந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் இடம் மிஞ்சும், ஆனால் ஆள் உள்ளே நுழைந்த முதல் சில விநாடிகள் தவறிப்போகலாம். முகம் இருப்பது அந்த விநாடிகளில்தான். எச்சரிக்கையை மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வகையில் வையுங்கள். வெறும் அசைவு எச்சரிக்கை என்றால் முருங்கை இலையும் தெருநாயும் போனை நாளெல்லாம் அடிக்க வைக்கும். மூன்றாம் நாள் நீங்களே அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். கேட்டுக்கு உள்ளே ஒரு கோடு வரைந்து, இரவு 11 முதல் காலை 5 வரை அதைத் தாண்டினால் மட்டும் அழைக்கச் சொல்வது நிற்கும் ஏற்பாடு.

போனில் பார்க்க, உற்பத்தியாளரின் ஆப்பில் என்விஆரின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். பல ஃபைபர் இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால் அது வேலையும் செய்யாது, வேலை செய்யும் இடத்தில் ஆபத்தும் அதிகம். வெளியூரிலிருந்து பார்க்கும்போது படம் சுற்றிக்கொண்டே நின்றால் ஆப்பில் தெளிவு குறைந்த துணை ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். பதிவு எப்போதும் முழுத் தெளிவில்தான் நடக்கும்.

ஆள் வைத்து மாட்டுபவர்கள் இந்த இடத்தில் கறாராக இருக்க வேண்டும். மாட்ட வந்தவர் வேலை சீக்கிரம் முடிய, என்விஆரைத் தன் ஆப் கணக்கில் சேர்த்து, உங்களுக்கு அதிலிருந்து 'ஷேர்' கொடுப்பார். பார்வைக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உரிமையாளர் அவர், நீங்கள் விருந்தாளி. அவர் போன் மாற்றினாலோ தொழிலை விட்டாலோ உங்கள் வீட்டை நீங்கள் பார்க்க முடியாது, அவர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் ஸ்கேன் உங்கள் போனில், உங்கள் கணக்கில். அவர் கிளம்பியதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் செய்வது இன்னும் உசிதம்.

பக்கத்து வீட்டு ஜன்னல் காட்சிக்குள் வந்தால் அந்தப் பகுதியை 'பிரைவசி மாஸ்க்' போட்டுக் கருப்பாக்கிவிடுங்கள். சண்டை வராமல் இருக்க மட்டுமல்ல, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமில்லாமல் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். வீட்டுக்குள் குளியலறைப் பக்கமோ உடைமாற்றும் இடத்திலோ கேமராவே கூடாது. வேலைக்கு வரும் அக்காவிடமும் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

முதல் ராத்திரிச் சோதனை

மாட்டியதும் திருகுகளை முழுக்க இறுக்க வேண்டாம். இருட்டும்வரை காத்திருங்கள். எட்டு மணிக்குமேல் வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து வாசல் வரை தொப்பி போட்டு நடக்கச் சொல்லுங்கள், நீங்கள் பதிவைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். நேரலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தை ஒரு கணத்தில் நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கினால் அவரைத் தெரியாதவருக்கும் அடையாளம் சொல்ல முடியுமா?

படத்தின் மேல்பாதி வெள்ளையாக வெளுத்து, நடுவே எல்லாம் இருட்டாக இருந்தால், அகச்சிவப்பு ஒளி சன்ஷேடின் அடிப்பகுதியிலோ பக்கச் சுவரிலோ பட்டுத் திரும்புகிறது. கேமரா அந்த வெளிச்சத்தை நம்பி மற்றதை இருட்டாக்கிவிடும். கேமராவைச் சன்ஷேடின் விளிம்புக்கு முன்னால் நகர்த்துங்கள், அல்லது சுவர் காட்சியில் வராதபடி சற்றுத் திருப்புங்கள். முகம் வெறும் வெள்ளை முட்டையாகத் தெரிந்தால் ஒளி அதிகம், அமைப்பில் 'ஸ்மார்ட் ஐஆர்' இயக்குங்கள். நடப்பவர் கோடுகோடாக இழுபட்டால் ஷட்டர் மெதுவாக இருக்கிறது. 1/25 விநாடியில் இருந்து 1/100 க்கு ஏற்றலாம், ஆனால் படம் இருளும். அந்த இருட்டுக்கு மலிவான மருந்து போர்டிகோவில் இரவு முழுக்க ஒரு 9 வாட் எல்இடி பல்பு. எந்த இரவுப் பார்வைத் தொழில்நுட்பத்தையும்விட அது முகத்தைக் காட்டும், சட்டையின் நிறத்தையும் சேர்த்து. சரியான கோணம் கிடைத்த பிறகு திருகுகளை இறுக்குங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால், நடக்காவிட்டால்

பதிவு தேவைப்படும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது என்விஆரின் கடிகாரத்துக்கும் போனுக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்பது. அதைக் குறித்துவையுங்கள். பிறகு சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து பென் டிரைவில் ஏற்றுங்கள். 15 நாளில் அழிந்துவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். திரையைப் போனால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தெருக்காரர்களுக்குச் சரி, வழக்குக்கு உதவாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் ஒன்றும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) வேண்டும். கோப்பை வெட்டி ஒட்டாமல், என்விஆர் கொடுத்தபடியே வையுங்கள்.

ஒன்றும் நடக்காத மாதங்களில் வேலை கொஞ்சம்தான். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் கேமரா முகப்பைத் துடையுங்கள். அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை காற்றில் ஆடினால் ராத்திரி முழுக்கப் பொய் எச்சரிக்கை. மாதம் ஒருமுறை என்விஆரில் டிஸ்கின் நிலையைப் பார்த்துவிட்டு, நான்கு கேமராவிலும் முந்தின நாள் அதிகாலை 3 மணிப் பதிவைத் திறந்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நேரலை நன்றாகத் தெரிந்து, டிஸ்க் செத்துப்போய் இரண்டு மாதமாகிவிட்டதும் உண்டு. மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிறு ஏணியைப் போட்டு நான்கு ஜங்ஷன் பாக்ஸையும் திறந்து உள்ளே ஈரம், எறும்பு, பச்சை படிவு இருக்கிறதா என்று பாருங்கள். சிலிக்கோன் வெடித்திருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.